பம்ப்புக்குப் பாத்தி கட்டிய சத்யப்ரியா

மரக்காணம் உப்பளத்துக் கலியமூர்த்தியின் மகள் சத்யப்ரியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். 2005 தை மாதம் பொம்மையார்பாளையத்தில் ஜான்சன் நடத்திய கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலத்துக்குள் ஒரு பம்ப்பை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தால் வேலை நிச்சயம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பம்ப் என்றால் நிஜ பம்ப் இல்லை, திரையில் தெரிவது. பம்ப் கம்பெனி இன்ஜினியர்கள் 'கேட்' (CAD) என்ற வரைபட சாஃப்ட்வேரில் வரைந்து அனுப்புவார்கள். அதை அனிமேஷன் சாஃப்ட்வேரில் திறந்தால் உடைந்த கண்ணாடி மாதிரி ஊசி ஊசியாக முக்கோணங்கள். அதை அடியில் வைத்து, மேலே நாலு மூலைக் கட்டங்களாகப் புதிதாகக் கட்ட வேண்டும். அதுதான் தொழில்.

அவளும் கட்டினாள். ஒரு கட்டம்கூடப் பெரிசு சிறிசு இல்லை. மரக்காணத்தில் பங்காளிகளுக்கு உப்புப் பாத்தி பிரிக்கும்போது ஒரு சாண் கூடினாலும் அடிதடிதான். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது.

மத்தியானம் ஜான்சன் வந்து பம்ப்பைத் திருப்பினார். திரை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது? தட்டையான அடித்தட்டுக்கு இத்தினி கட்டமா? கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுது பாரு."

"எல்லாம் சமமா இருந்தாதானே சார் நியாயம்?"

"பம்ப்புக்கு இன்னா நியாயம்? பாகப்பிரிவினையா பண்றே?"

பக்கத்து சீட்டு ரேணுகா சிரித்தாள். "வரப்புத் தகராறு வந்துடும்னு பயப்படறா சார்."

"நீ சும்மா இருடி" என்றாள் சத்யப்ரியா.

"தட்டையான எடத்துல அகலமா வுடு. வளைவுல மட்டும் நெருக்கு" என்றார் ஜான்சன்.

அவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. "தண்ணி தேக்குற பாத்தி பெரிசு, உப்பு வெளையற பாத்தி சிறிசு. அந்த மாதிரிதானே சார்?"

"எனக்கு உப்பு கொழம்புல போட்டாதான் தெரியும். நீ பண்ணு."

அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அடித்தட்டில் நாலே பெரிய கட்டம், குழாய் வளைவில் நெருக்கம், போல்ட் துளைகளைச் சுற்றி வளையம் வளையமாக.

சாயங்காலம் ஜான்சன் மௌஸை இழுத்தார். பம்ப் பம்பரமாகச் சுற்றியது. எங்காவது ஒரு முக்கோணம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மூக்கைத் திரையில் வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை.

"திங்கக்கிழமைலேர்ந்து இந்த சீட்டு உன்னுது."

"செவ்வாக்கிழமை வர்றேன் சார்."

"அடிப்பாவி!" என்றாள் ரேணுகா. "வேலை குடுத்த வாய மூடல, அதுக்குள்ள லீவா?"

"திங்கக்கிழமை எங்க அளத்துல மொத உப்பு வார்றோம். பூசை இருக்குது. நான் இல்லாம எங்கப்பா கற்பூரம் ஏத்த மாட்டாரு."

ஜான்சன் தாடையைச் சொறிந்தார். "பொங்கல் உண்டா?"

"சக்கரப் பொங்கல் சார். முந்திரியெல்லாம் போட்டு."

"செவ்வாக்கிழமை பெரிய தூக்கா எடுத்துட்டு வா" என்றார்.