ஆசனூரில் ஒட்டிய கம்பளி நூல்

தை பிறந்து ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் மோட்டார் பஸ்ஸில் ஏறினேன். தூரம் நாற்பத்திரண்டு மைல். கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. அங்கிருந்து வேறொரு பஸ்ஸில் திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூர் சேர்வதாக ஏற்பாடு. அம்மலையூரில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்துத் தலைமையுரை நிகழ்த்துமாறு என்னை அழைத்திருந்தனர்.

பி.ஏ. தேறி, முப்பதாண்டு பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவனுக்கு இது புதிய காரியமன்று. ஆயினும் மனத்தில் ஒரு கவலை இருந்தது. சென்ற தையில் வேறொரு மலையூர்க் கூட்டத்தில் குளிர்காற்றுப் பட்டு என் குரல் பாதியில் அடைத்துக்கொண்டது. எஞ்சிய உரையை ஓர் இளம் வக்கீல் என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். என் வாக்கியங்களுக்கு அவர் கைதட்டல் பெற்றதை நான் இன்னும் மறக்கவில்லை. இம்முறை என் காகிதம் பிறர் கைக்குப் போகலாகாது என்று உறுதி செய்துகொண்டேன்.

ஆசனூரில் மூங்கில் குத்தகை எடுத்திருப்பவர் என் தங்கை பாவாயியின் கணவர். அவர்கள் வீட்டில்தான் நான் தங்க வேண்டும். பழைய கம்பளிச் சட்டைகள் கிடைத்தால் ஒரு மூட்டை கொண்டுவருமாறு பாவாயி கடிதம் எழுதியிருந்தாள். பழந்துணிக் கடை வாசலில் நான் நிற்பதை நான் பரிசோதித்த ஆசிரியர் எவரேனும் கண்டால் என்ன நினைப்பார்? மழையற்ற மாலையில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, ஒன்று நான்கணா வீதம் ஒன்பது சட்டைகள் வாங்கினேன். அவற்றுள் ஒன்று கிரிக்கெட் ஆடும் துரைமார் அணியும் வெள்ளைச் சட்டை.

பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையை அமுக்கிப் பார்த்தான்.

“ஏனுங்கய்யா, உள்ள என்னங்க?”

“பள்ளிக்கூடச் சாமான்.”

“மெத்துமெத்துனு அமுங்குதுங்களே! பசங்க படுத்துட்டே படிக்கறதுக்கு மெத்தை கொண்டு போறீங்களாட்ட இருக்குது.”

வண்டியே சிரித்தது. நான் வெளியே பார்த்தேன். அன்னூர் கழிந்து புளியம்பட்டி வரை இருபுறமும் பருத்திக் காடுகள். இடையிடையே அறுவடையான சோளத்தட்டுப் போர்கள். பத்தரை மணிக்குச் சத்தியமங்கலம். பவானி ஆற்றில் கால் நனைத்து, கட்டுச்சோறு உண்டு, என் செம்பிலிருந்து அண்ணாந்து நீர் பருகினேன். பிறர் வாய் வைத்த பாத்திரத்தை நான் தொடுவதில்லை. எங்குச் சென்றாலும் என் செம்பு என்னோடு வரும்.

பன்னிரண்டு மணிக்கு மலைவண்டி புறப்பட்டது. எட்டு மைலில் பண்ணாரி. டிரைவர் இறங்கி அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்திய பிறகே மலையேறினார். ஒவ்வொரு வளைவிலும் வண்டி முனகிக்கொண்டு திரும்பியது. இருமுறை நிறுத்தி இயந்திரத்துக்கு நீர் வார்த்தனர். திம்பத்தில் காற்று ஊசிபோல் காதுக்குள் நுழைந்தது. மேல்துண்டால் தொண்டையை மூடிக்கொண்டேன். மூன்று மணிக்கு ஆசனூர்.

பாவாயியின் வீட்டுக் கொடியில் துணிகளுக்குப் பதிலாக நூற்சிட்டங்கள் தொங்கின. பழைய கம்பளிச் சட்டையைத் தையல் பிரித்து, நூலை உருவி, வளையமாகச் சுற்றிச் சிட்டமாக்கி, பூந்திக்கொட்டை நீரில் அலசி, சுருக்கம் நீங்கக் கீழே பித்தளைச் சொம்பைக் கட்டித் தொங்கவிடுகிறாள். பக்கத்துக் காப்பித் தோட்டத்துத் துரைசாணியிடம் கற்ற பின்னல் இது. துரைசாணி சீமைக்குப் போய்விட்டாள். ஊசிகளுக்குப் பதில் இப்போது குடைக்கம்பிகள். புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பனியில் நடந்து வரவேண்டியிருப்பதால் அவர்களுக்குக் குல்லாய் பின்னுகிறாள்.

எனக்கென்று பாக்கு நிறத்தில் ஒரு மப்ளர் முடித்து வைத்திருந்தாள். கழுத்தில் சுற்றியவுடன் தொண்டை இளகியது. விரலால் நெடுகத் தடவிப் பார்த்தேன்.

“பழைய நூல் அறுந்து அறுந்துதானே வரும்? ஒரு முடிச்சுக்கூடத் தட்டுப்படவில்லையே!”

“அது தொழில் ரகசியமுங்கண்ணா. கேக்காம இருந்தா உங்களுக்கு நல்லது.”

அன்று மாலை என்னைக் காண வந்த தலைமையாசிரியரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் மப்ளரை எடுத்துக் காட்டி, சீமைச் சரக்கிலும் இந்த நேர்த்தி கிடையாது என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணி. உரையை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் சென்றேன். பாவாயி ஒரு குல்லாயின் கடைசிச் சுற்றில் இருந்தாள். நூல் அறுந்தது. இரு முனைகளையும் இழை பிரித்தாள். நாக்கில் வைத்து நனைத்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கைகளுக்கிடையே விறுவிறென்று தேய்த்தாள். நூல் ஒன்றாகிவிட்டது.

“பாவாயி! என்ன காரியம் இது?”

“ஒட்டறேனுங்கண்ணா. முடிச்சுப் போட்டா உறுத்துமுங்க.”

“தண்ணீரில் நனைக்கலாகாதா?”

“தண்ணி வழுக்கிட்டுப் போயிருமுங்க. துரைசாணியும் இப்படித்தான் செஞ்சாங்க. வெத்தலை போட்ட அன்னிக்கு மட்டும் நான் ஒட்டமாட்டேன், நூல்ல கறை ஏறிப்போகும்.”

“என் மப்ளரிலும் இப்படித்தானா?”

“இருவது எடம் இருக்குமுங்க. அப்புறம் கசக்கிக் காயப்போட்டுப்போட்டேன்.”

“எச்சில் எச்சில்தான்” என்று மப்ளரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன்.

அவள் பின்னலிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “சின்ன வயசுல நான் காக்காக்கடி கடிச்சுக் குடுத்த கடலை உருண்டையெல்லாம் தின்னீங்களே?”

“அது துணியைப் போட்டுக் கடித்தது. எச்சில் படாது.”

“துணி மேல கடிச்சேன்னு ஆரு சொன்னா? பாவாடையை வாய்க்குப் பக்கத்துல புடிச்சேன், அவ்வளவுதானுங்க. நீங்க எப்பவும் உருண்டையைத்தான் பாப்பீங்க, என்னைய எங்க பாத்தீங்க?”

ஐம்பதாண்டு ஆசாரம் அடுப்படியிலேயே கரைந்தது. மேல்துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு புறப்பட்டேன்.

பத்து மணிக்கு விழா. பள்ளிக்கூடத்தின் முன் பந்தல். ஓரிடத்திலும் காற்றுக்குத் தடையில்லை. முன்வரிசையில் பிள்ளைகள் பல நிறக் குல்லாய்களோடு அமர்ந்திருந்தனர். சிவப்பும் பச்சையும் பாதிப் பாதியாயிருந்த குல்லாய்கூட ஒன்றிருந்தது. முதல் பக்கம் நன்றாகவே வாசித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில், கல்வியின் பயனைச் சொல்லுமிடத்தில், குரல் கீச்சிட்டது. இருமினேன். மீண்டும் தொடங்கியபோது காற்று மட்டுமே வந்தது. குல்லாய்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைமையாசிரியர் பணிவோடு எழுந்து கையை நீட்டினார். “ஐயா, நான் படிச்சரட்டுமுங்களா?”

அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரிந்த கை. சென்ற தையில் அந்த இளம் வக்கீலின் கையும் அப்படித்தான் நீண்டது. பெண்கள் பக்கம் திரும்பினேன். பாவாயி மடியில் பாக்கு நிறத்தில் ஏதோ மடித்து வைத்திருந்தாள்.

“பாவாயி, அதைக் கொடு” என்றேன், வந்த குரலில்.

“எதைங்கண்ணா?” என்று பந்தல் முழுவதும் கேட்கக் கேட்டாள். எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“மப்ளரை.”

பெண்கள் சிரித்தனர். மப்ளர் கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தது. இரு சுற்றுச் சுற்றினேன். யாரோ சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அண்ணாந்து பருகினேன். ஒரு நிமிடம் கழித்துத் தாழ்ந்த குரலில், வேகமின்றி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வழக்கமான குரல் என்று சொல்லமாட்டேன்; எனினும் கடைசி வாக்கியம் கடைசி வரிசை வரை கேட்டது. கைதட்டல் எனக்கே கிடைத்தது. அதை அங்கே இருபது ஒட்டுகளோடு நின்று ஏற்றுக்கொண்டேன்.

மேலும் நான்கு நாள் தங்கினேன். காலையில் மூங்கில் வண்டிகள் செல்லும் பாதையில் உலாவினேன். வெயிலேறிய பின் முற்றத்தில் அமர்ந்து, கொண்டுவந்த சட்டைகளை நான் உருவ, பாவாயி சிட்டம் சுற்றினாள். இத்தொழிலில் எனக்குக் கை விரைவு என்று அவளே ஒப்புக்கொண்டாள். வெள்ளைச் சட்டையின் நூலில், விடியற்பனியில் காதை மூடிக்கொள்ள, என் மனைவிக்கு ஒரு மப்ளர் பின்னத் தொடங்கினாள்.

புறப்படும் நாள் பகல் ஒரு மணிக்கு பஸ். விருந்துண்டு பாவாயி தாம்பூலம் தரித்திருந்தாள். இன்னும் நான்கே வரிசை பாக்கியிருக்க, நூல் அறுந்தது. தொலைவில் வண்டியின் குழல் ஒலித்தது.

சிவந்த வாயோடு என்னைப் பார்த்தாள். “வெள்ளை நூலுங்க. நான் தொட்டா வெளங்காது. நீங்களே ஒட்டிக் குடுங்கண்ணா.”

“நானா?”

“பி.ஏ. படிச்ச எச்சில் நல்லாவே ஒட்டுமுங்க!”

வாசலில் எவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். இழைகளைப் பிரித்தேன், நனைத்தேன், தேய்த்தேன். முதலில் ஒட்டவில்லை. இரண்டாம் முறை உள்ளங்கை சூடேற, நூல் பிடித்துக்கொண்டது. பாவாயி இழுத்துப் பார்த்துத் தலையசைத்தாள். நான்கு வரிசையும் முடிந்தபோது கண்டக்டர் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கசக்கிக் காயப்போட நேரமில்லை.

கீழே இறங்க இறங்கக் காற்று வெதுவெதுத்தது. சத்தியமங்கலம் தாண்டியும் மப்ளரை நான் கழற்றவில்லை. கோயமுத்தூரில் ஆலைகள் பொழுதெல்லாம் புதுநூல் நூற்றுத் தள்ளுகின்றன. அறுந்த நூலை இவ்வளவு பொறுமையாக ஒட்டுவோரை நான் அங்கே கவனித்ததில்லை. ஒருவேளை, பார்க்க வேண்டியதைப் பாராமல் உருண்டையையே பார்த்திருக்கலாம்.

புளியம்பட்டியிலிருந்து அன்னூர் வரை வெள்ளை மப்ளரை மடியில் விரித்து, என் ஒட்டு எது என்று தேடினேன். அகப்படவில்லை. வீட்டில் என் மனைவி, ஆசாரத்தில் என்னிலும் கண்டிப்பானவள், அதைத் தடவிப் பார்த்து, “ஒரு முடிச்சுக்கூட இல்லீங்களே!” என்று வியந்தாள். நல்ல கைவேலை என்று மட்டும் சொன்னேன். நாள்தோறும் விடியலில் கட்டிக்கொள்கிறாள். இக்கட்டுரை அச்சாகி வரும்போது அவளும் படிப்பாள், படிக்கட்டும். அந்த ஒட்டு எங்கே இருக்கிறதென்று கேட்டால், சத்தியமாக எனக்கும் தெரியாது.