பெயருக்குப் பக்கத்தில்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் பெயரைவிடப் பட்டம்தான் முக்கியம். படிப்பை முடிக்காதவரையும் சும்மா விடுவதில்லை. பி.ஏ. என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'டிஸ்கன்டினியூ' என்று சேர்ப்பார்கள். மரியாதையாம்! இங்கிலீஷில் சொன்னால் சுருக்கென்று தைக்காது என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ, அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காடு வந்து, பஸ் மாறிச் சேலத்தில் காலேஜுக்குப் போனவள். இரண்டாம் வருஷத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. பிறகு டயாலிசிஸுக்கு அதே பஸ். அடிவாரம் வரும்வரை அம்மாவின் தலை என் மடியில் இருக்கும். காலேஜ் வாசலைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி ஸ்டாப். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அம்மா போன பிறகு 'பாதியில நின்ன புள்ள' என்பதே ஊருக்குள் என் பெயராகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிப்பு நின்றது, சரி. நான் எங்கே நின்றேன்?

கல்யாணம் கூடி வந்தபோது அதுதான் பயமாக இருந்தது. அந்தச் சொல் அச்சில் ஏறி மாப்பிள்ளை வீட்டார் கைக்கெல்லாம் போய்ச் சேருமே! அப்பா, தாய்மாமா, நான் மூவரும் சேலத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனோம்.

"பொண்ணுக்கு என்ன போடறதுங்க?" என்றார் அச்சகக்காரர்.

"பி.ஏ. போட்டு டிஸ்கன்டினியூன்னு போடுங்க. மாப்பிள்ளைக்கு எம்.காம். இருக்குதுங்க. நம்ம புள்ள பேர மொட்டையா உட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் மாமா. என்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனால் அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

அப்பா எங்களோடு பேசுவதைவிடக் காப்பிச் செடியோடு பேசுவது அதிகம். அன்று எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, என்ற ஊட்டுக்காரியக் கடைசி வரைக்கும் கைக்கொழந்தையாட்டம் பாத்துக்கிட்ட புள்ளைங்க இவ. அதுக்கு எதாச்சும் பட்டம் இருந்தாப் போடுங்க. இல்லீன்னா பேரு மட்டும் போதுங்க."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ சாப்பிடறயா கண்ணு?" என்று கேட்டார்.

பத்திரிகை வந்தது. என் பெயர் மட்டும் இருந்தது, பக்கத்தில் ஒன்றுமில்லை. அந்தத் தாள் முழுக்க ஒரே ஓர் அடைப்புக்குறிதான். அம்மா பெயருக்குப் பக்கத்தில், 'லேட்' என்று. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.