நான் வைத்த சேனை

என் மகளிடம் அவள் பெற்ற குழந்தையைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். மருத்துவமனையின் வழக்கம் அதற்குத் தோதாக இருந்தது. ஆனால் வாய் திறந்து கேட்டது நான்தான்.

எங்கள் பக்கத்தில், பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். அதுதான் சேனை. வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் பேரப்பிள்ளைக்கு வேறொருவர் சேனை வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மனைவி போன பிறகு என்னை யாரும் எதற்கும் முன்னால் கூப்பிடுவதில்லை என்ற குறை உள்ளுக்குள் இருந்தது.

நான் திருநாவலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மகளுக்கு வலி கண்டுவிட்டது. என் தங்கைதான் அவளைக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. டாக்டர் என் பழைய மாணவி. உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்திலிருந்து அவருக்கே போன் செய்து, நான் வரும்வரை குழந்தையைத் தாயிடம் கொடுக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம் என்றேன். ஆபரேஷன் ஆனவர்களிடம் அன்றைக்குக் குழந்தையைக் கொடுப்பதில்லை, மாடியில் குழந்தைகளுக்கான கண்ணாடி அறையில்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள் சார் என்றார்.

கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து வந்தது. போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தங்கை குழந்தையை ஏந்தி நிற்க, சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சேனை வைத்தேன். படம் பிடித்தார்கள். அந்த நேரத்தில் கீழே மகள் குழந்தையைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குழந்தை வாந்தி எடுத்தது. எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணாடி அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். புட்டிப்பால் கொடுத்தார்கள். மகள் பயந்துவிடுவாள், குழந்தை தூங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று நர்சுகளிடம் சொல்லி வைத்தேன். மாடியில் எந்தக் குழந்தை அழுதாலும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாளாம்.

சில நாள் கழித்துக் குழந்தையை மகள் மடியில் வைத்தபோது, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“இது யாருதுப்பா?”

“நல்லாக் கேட்ட போ, பெத்தவளுக்கே அடையாளம் தெரியல” என்றாள் தங்கை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

என் வீட்டுக்கு வந்த பிறகு மகள் குழந்தையைக் குளிப்பாட்டினாள், புட்டியில் பால் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அடுத்த வீட்டுக் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்பவள்போல இருந்தாள். தாய்ப்பால் நின்றே போயிற்று. ஒரு மத்தியானம் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதோட அம்மா தேடிக்கினு இருப்பாப்பா. வந்து கேட்டா நாம இன்னா சொல்றது?”

கிணற்றுக்கு மூடி போட்டேன். அரிவாள்மணையைப் பரணில் ஏற்றினேன். ஆனால் நான் செய்ததைச் சொல்லவில்லை. மருமகன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியர். அவர் வந்து இருவரையும் அழைத்துப் போனபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் சேர்த்தே இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒருநாள் காலையில் மருமகன் போன் செய்தார். அவர் பள்ளிக்குப் போனதும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாளாம். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள்தான் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்த்தேன். பஸ் வந்திருந்தால், அவள் பாதியில் இறங்கியிருந்தால் என்பதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

மருமகன் வீட்டில் அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மருமகன் தோளில். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“கொழந்த மாறலம்மா. இது உன்னுதுதான். சேனை வைக்கணும்னு நான்தான் உன்கிட்ட குடுக்க வேணாம்னு சொன்னேன்.”

“தூங்குதுன்னு சொன்னாங்களே.”

“அதுவும் நான் சொல்லச் சொன்னதுதான்.”

அவள் குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

“நான் கத்திக்கினே இருந்தேன்பா” என்றாள். “எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

அன்றே மூவரையும் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வேப்பிலை அடிக்கலாம் என்ற தங்கையை அன்றுதான் முதல்முறை அதட்டினேன். பிரசவத்துக்குப் பின் வருகிற நோய்தான், குணமாகும் என்றார் மருத்துவர். அவளைத் தனியாக விடக்கூடாது, துணைக்கு ஆள் இருக்கும்போது குழந்தை அவள் மார்பிலேயே கிடக்கட்டும் என்றார். மருமகன் விடுப்பு எடுத்தார். மாதங்கள் போயின. ஒருநாள், அவள் குழந்தையின் உச்சியை முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று போனில் சொல்லிவிட்டு அவர் அழுதார்.

என் மாணவியிடமும் போய், பிறந்ததும் குழந்தையைத் தாயிடம் கொடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் சார், ஆள் கம்மி என்றார். சேனை வைக்க இப்போது யாரையும் விடுவதில்லையாம். கண்ணாடி அறை அப்படியேதான் இருக்கிறது.

பேத்தி இப்போது ஓடுகிறாள். அவள் ஒரு நிமிடம் கண்ணில் படாவிட்டால் மகள் வீடு முழுக்கத் தேடுகிறாள். என்னிடம் தனியாக விடுவதில்லை. வெள்ளிமலைக்குப் போகும்போதெல்லாம் பேத்தி கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறாள். நான் மகளின் முகத்தைப் பார்க்கிறேன். அவள் தலையசைத்த பிறகுதான் குனிகிறேன். சில நாள் அவள் தலையசைப்பதில்லை.