பெட்டியை வெட்டி டிஸ்க் எழுதிய செலீனா

செய்தி வந்தபோது நான் கடையில் நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். “அண்ணாச்சி, டிஸ்க் எழுதுற செலீனா அக்கா போயிட்டாவ. நெஞ்சு வலியாம்” என்று போனில் சொன்னார்கள். கையிலிருந்த கயிற்றுச் சுருள் நழுவி உருண்டு, சாலையைத் தாண்டி எதிர்க்கடை வாசல் வரை போய்விட்டது. மிகை என்பவர்கள் எதிர்க்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

அடக்கத்தின்போது ஒருவர் என் காதுபடச் சொன்னார்: “அந்தம்மாவுக்கு முன்னாடியே அந்தத் தொழில் செத்துப்போச்சு.” கல்லறைத் தோட்டமாயிற்றே என்று சும்மா விட்டேன். அவருக்கு என் பதில் இது. செலீனாவைத் தெரிந்த மற்றவர்களும் படியுங்கள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணிக்கு வேண்டிய போல்ட், நட்டு, கயிறு விஷயத்தில் அந்தக் கரை வரைக்கும் என் பேச்சுதான் செல்லும். பக்கத்துக் கடை செலீனாவுடையது. கல்யாண வீடியோ, ஞானஸ்நான வீடியோ எல்லாம் டிஸ்கில் எழுதிக் கொடுப்பார். இந்தக் காலத்தில் யார் வாங்குவார்கள் என்கிறீர்களா? தோணிக்காரர்கள். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. ஒரு டிவியும் பழைய பிளேயரும்தான் உண்டு. “பென் டிரைவ உப்புக்காத்து தின்னுரும் அண்ணாச்சி. டிஸ்க தின்ன அதுக்குப் பல்லு இல்ல” என்பார்.

போன வருடம் அவருடைய பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. புதிதாக வாங்கியதில் டிஸ்க் ரைட்டர் மாட்ட இடமே இல்லை. முன்பக்கம் முழுக்க மூடிய தகடு. விற்ற பையன் சிரித்தான்: “இப்ப எவன்க்கா இதப் போடுதான்? வெளிய தொங்குற சின்ன ரைட்டர் ஒண்ணு தாரேன்.”

“என் கடையில எதுவும் தொங்க வேண்டாம்லே” என்று சொல்லிவிட்டு, புதுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். “அண்ணாச்சி, ரம்பம் எடுங்க.”

பின்னாலேயே மரியதாஸ் வந்தார். தோணியில் வேலை. மகள் கல்யாணத்தன்று அவர் கடலில் இருந்தார். சரக்கு ஏற்றக் கரைக்கு வந்தவர், அன்று சாயங்காலமே மறுபடியும் கிளம்ப வேண்டும். “போன்ல காட்டுனாவ. நம்ம கண்ணுக்கு நெளியுது. தாலி வாங்குனது எம்பிள்ளையா, மாப்பிள்ளைக்குத் தங்கச்சியான்னே வெளங்கல” என்றார். அவர் கையில் டிஸ்க் சேராவிட்டால், அடுத்த நடை முடியும்வரை அந்தக் கல்யாணம் அவருக்கு நடக்காதது மாதிரிதான்.

தகட்டை வெட்டியது நான். கப்பலையே அறுத்த கை இது. பழைய ரைட்டரைக் கழற்றி உள்ளே செருகி, கரண்ட் வயரையும் டேட்டா வயரையும் மாட்டியது செலீனா. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று என் பித்தளை ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கினேன். விளக்கு எரிந்தது, டிஸ்க் வைக்கும் தட்டு வெளியே வரவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க ஸ்க்ரூ நீளம். உள்ள போயி குத்துது.”

“ஸ்க்ரூ சரியாத்தான் இருக்கு தங்கச்சி. ஒன் ரைட்டர்தான் ஒல்லி.”

“அப்ப அதுக்குச் சோறு ஊட்டுங்க. இல்லன்னா வாஷர் எடுங்க.”

வாஷர் போட்டேன். தட்டு வந்தது. ஸ்க்ரூவின் மேல் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதற்குப் பிறகுதான் சோதனை. இருப்பதிலேயே குறைந்த வேகத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். தோணி கிளம்பும் நேரம். “வேகத்தைக் கூட்டு தங்கச்சி!” என்று கத்தினேன்.

“அடிச்சுப் புடிச்சு எழுதுனா இங்கன ஓடும். தோணியில கெடக்க பழைய பிளேயர்ல நிக்கும். தாலி கட்டுற எடத்துல நின்னா நடுக்கடலுக்கு நீங்க போயி சரி பண்ணுவியளா?”

மரியதாசின் போன் அடித்தது. “தண்டல் கூப்பிடுதாரு. கயித்த அவுக்கப் போறாராம்” என்றார். தோணியை நடத்துபவர் தண்டல். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. செலீனா போனைப் பிடுங்கினார். “தண்டல் அண்ணே, அவரு பெத்த பிள்ளை கல்யாணத்த அவரு முழுசாப் பாக்கணும். அவரில்லாம அவுத்துருவியளோ? அவுத்துப் பாருங்க!”

தோணி நின்றது. தோணி மட்டுமா? துறைமுகத்தில் கிரேன் கொக்கியே அந்தரத்தில் அப்படியே நின்றதாகக் கேள்வி. எழுதி முடித்த டிஸ்கைப் போட்டுப் பார்த்து, தாலி கட்டும் இடம் தாண்டிய பிறகுதான் மரியதாஸ் கையில் கொடுத்தார்.

மாலத்தீவில் கரை சேர்ந்ததும் மரியதாஸ் போன் பண்ணினார். “ஒரு எடத்துலயும் நிக்கல அண்ணாச்சி. சமையல்காரர் அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்தாரு. எம்பிள்ளை சிரிச்சிருக்கு! நான் அழுதிருக்கும்னுல்லா நெனச்சேன்.”

அடக்கம் முடிந்து செலீனாவின் மகன் கடையைக் காலி செய்தான். “மாமா, இந்த வெட்டுப்பட்ட பெட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுரட்டுமா?” என்றான். “கைய எடுலே” என்றேன்.

இப்போது அது என் கடையில், கயிறுகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு டிஸ்கை வீணாக்கினேன், மூன்றாவது ஓடியது. தொழில் செத்ததென்று சொன்னவர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தத் தங்கச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு ரைட்டரும் அதன் மிகக் குறைந்த வேகமும். டிஸ்க் வேண்டுமென்றால் வாருங்கள். அவசரமென்றால் வராதீர்கள்.