அம்மனுக்கு ஒரு ஜெனரேட்டர்

ஆடி வெள்ளியன்று எங்கள் தெருவில் நடந்த கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு இந்த வாரம் சோறு இறங்காது.

போன மாசியில் என் வீட்டுக்காரம்மா சரோஜாவுக்கு இளைப்பு முற்றிப்போய், கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் வேறென்ன செய்வேன்? தெருமுனை அம்மனிடம் ஓடினேன். "தாயே, இவளை நல்லபடியா ஊடு சேர்த்துடு. ஆடியில உன்னைத் தெரு நடுவுல பல்புல நிறுத்தறேன்!"

சேர்த்துவிட்டாள்.

பல்பில் அம்மனைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் சாரம் கட்டி, கலர் கலராய் சீரியல் பல்பு ஓடவிட்டு, சூலம் மின்ன, கண் சிமிட்ட... அதேதான்.

ஆனால் அதற்குள் எங்கள் தெரு கரண்ட்டை மிச்சம் பிடிப்பதென்று முடிவெடுத்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் அடிக்கடி வெடித்ததில் பிறந்த ஞானம்! கோயில் வாசலில் கூட்டம் போட்டோம். குண்டு பல்பைக் கழற்றி சி.எஃப்.எல். மாட்டுவது, வீட்டுக்கு வீடு முறை வைத்து மோட்டார் போடுவது, வெளியே வந்தால் வீட்டு லைட்டை அணைப்பது... மளிகைக்கடை கரீம் பாய் இன்னொன்றும் சொன்னார்.

"கரண்ட்டு சும்மாவா வருது? எங்கியோ கரியை எரிக்கிறான், புகை நம்ம மூக்குக்கு வருது. கொறைச்சா நம்ம சரோஜாம்மாவுக்கும் நல்லது."

கைதட்டினோம். இந்தத் திட்டத்துக்கு என்னையே செயலாளராகவும் போட்டார்கள்.

தெருவையெல்லாம் லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, செயலாளர் மட்டும் பனைமர உயரத்துக்கு பல்பு போட்டால் நன்றாகவா இருக்கும்? சவுண்ட் சர்வீஸ் முனுசாமிதான் வழி சொன்னான்.

"இதுக்குப் போயி இன்னா நைனா பேஜாரு? ஜெனரேட்டர் வெச்சிக்கலாம். ஈ.பி. கரண்ட்டு ஒரு சொட்டு வேணாம்."

கூட்டமே தலையாட்டியது. எனக்கோ, அம்மனே அவன் வாயில் வந்து சொன்னது போலிருந்தது. டீசல் எரிந்தால் என்ன வரும் என்று யாராவது — ஒரே ஒருத்தர் — கேட்டிருக்கலாம் அல்லவா?

வெள்ளிக்கிழமை வந்தது. கூழ் ஊற்றி முடித்தோம். பொழுது சாய்ந்ததும் திட்டப்படி எல்லாரும் வீட்டு லைட்டை அணைத்துவிட்டு வெளியே வந்தார்கள். முனுசாமி ஹேண்டிலைச் சுற்றினான். அம்மன் எரிந்தாள்... கண் சிமிட்டினாள்! உடம்பெல்லாம் புல்லரிக்க, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திறந்தால் — அம்மனைக் காணோம். புகை! கறுப்பாய், கெட்டியாய். சூலத்தின் நுனி மட்டும் மேலே தெரிந்தது.

"யோவ் முனுசாமி, இது ஜெனரேட்டரா, செங்கல் சூளையா?" பாய் கத்தினார்.

"கொஞ்சம் சூடாவட்டும் பாய், சரியாப் பூடும்!"

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சரோஜா. சேலைத் தலைப்பு வாயில். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்... மாசியில் கேட்ட அதே சத்தம்.

"முனுசாமி, நிறுத்து!"

"நேர்ந்துக்கினு பாதியில நிறுத்தலாமா நைனா? சாமி குத்தம்!"

அவனைத் தள்ளிவிட்டு நானே நிறுத்தினேன். தெரு இருண்டது. பாய் அவளைக் கைத்தாங்கலாகப் புகை இல்லாத பக்கம் கூட்டிப்போய் உட்காரவைத்தார். பாய் வீட்டம்மா விசிறினார். சரோஜா மடியிலிருந்த மருந்துக் குழாயை எடுத்து உறிஞ்சினாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சுக்காகக் காத்திருந்தது. மெல்ல மெல்ல விசில் அடங்கியது.

அந்த நேரம் பார்த்து பூசாரி கற்பூரத் தட்டோடு வந்தார்.

"புகை!" — தெருவே ஒரே குரலில்.

பாவம், தட்டை வைத்துவிட்டு அகல்விளக்கை எடுத்து வந்தார். அந்தச் சின்ன வெளிச்சத்தில் எனக்கு அழுகை முட்டியது.

"வேண்டுதல் பாதியில நின்னுபோச்சே, சரோஜா..."

"நீ எதுக்கு நேர்ந்துக்கின? எம் மூச்சுக்குத்தானே? அதை நிறுத்திட்டு பல்பை எரிய உட்டிருந்தா, அதான்யா சாமி குத்தம்."

அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். சரோஜாவுக்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் கூட்டத்தில் திட்டத்தோடு ஒரு விதியைச் சேர்த்துவிட்டார்கள்: இனி செயலாளர் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வதானாலும், முதலில் தெருவிடம் அனுமதி வாங்க வேண்டும்!