காய்ச்சல்காரன் என்ன ஆனான்?

யுத்த காலத்தில் என் அண்ணனை, எங்கள் பேச்சில் காக்காவை, ஆயுதக்காரர்கள் வயலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனபோது நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு நாள் கழித்து, காலில் செருப்பில்லாமல் நடந்து வந்து சேர்ந்தார். காட்டுக்குள் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள், தப்பி வந்துவிட்டேன் என்று உம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது, அதைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

நான் ஆசிரியராகி, ஓய்வு பெறும் வயதையும் நெருங்கிவிட்டேன். அவர் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். "வேற வேல இல்லயாடா ஒனக்கு?" என்பார். பிறகு உர விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

போன மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்து, ஒரு யுத்தப் படத்தைப் போட்டேன். காட்டு முகாமில் அடைபட்ட கைதிகள் தப்பி ஓடும் படம். இதைப் பார்த்தாவது பேசமாட்டாரா என்பதுதான் என் எண்ணம்.

அரை மணி நேரம் அவர் குற்றம்தான் கண்டுபிடித்தார். "சட்டையப் பாரு, இப்பதான் தேச்சுப் போட்ட மாதிரி. இவனுகள அட்ட ஒண்டும் கடிக்காதா?" கைதிகள் மண்ணில் வரைபடம் கீறியபோது சிரித்தே விட்டார்.

"நாங்க ஒரு திட்டமும் போடல்ல. மழ கொட்டினிச்சி. காவலுக்கு நிண்டவன் கொட்டிலுக்குள்ள ஒதுங்கிட்டான். நான் எழும்பி நடந்தன்."

இத்தனை வருடம் காத்திருந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்திருக்க வேண்டும். நானோ போனை எடுத்து, ஒலிப்பதிவை அழுத்தி, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"அத வை."

"இல்ல காக்கா, நடந்ததச் செல்லுங்க, நான் மறந்திடுவன்."

"படத்தப் பாரு."

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாலு பேர் ஆற்றைக் கடந்து தப்பினார்கள். படம் முடிந்தது. காக்கா எழும்பவில்லை.

"அந்தக் காய்ச்சல்காரன் என்ன ஆனான்?"

நடக்க முடியாமல் முகாமிலேயே கிடந்த ஒருவனை மற்றவர்கள் விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். "அதக் காட்டல்ல காக்கா" என்றேன்.

"அதெப்படிக் காட்டாம முடியும்? திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். அவன் எங்கும் வரவில்லை. காக்கா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்களுக்குள்ளயும் ஒருத்தனுக்குக் காய்ச்சல். பொத்துவில் பக்கத்து ஆள். நான் எழும்பக்குள்ள என்ர சாரன் நுனியப் புடிச்சிட்டான். 'இரி, வாறன்' எண்டு செல்லிட்டு வந்துட்டன்."

"பேரென்ன காக்கா?"

"கேக்கல்ல."

"வாப்பாட பேராவது, தொழிலாவது..."

"கேக்கல்ல எண்டுதானே செல்றன்!"

அடுத்த கிழமை பொத்துவிலுக்கு பஸ் ஏறினேன். பள்ளிவாசலில் கேட்டேன், தேத்தண்ணிக் கடையில் கேட்டேன். கடையிலிருந்த ஒருவர், "நீங்க ஆரக் கேக்கிறயள் சேர்? எங்கட ரோட்டுல மட்டும் மூணு பேர் திரும்பி வரல்ல" என்றார். என்னிடம் பேருமில்லை, வயதுமில்லை. ஒரு காய்ச்சல் மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

நான் விசாரிப்பதைக் கேள்விப்பட்டு ஒரு பெண் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். கையில் அடையாள அட்டைப் படம். "என்ர புருஷன். இவரா எண்டு உங்கட காக்காவக் கேட்டுச் செல்லுங்க." அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காக்காவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"தெரியா. அவன்ட முகமெல்லாம் தாடி." போனைத் திருப்பித் தந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒன்ன ஆரு அங்க போகச் சொன்ன?"

அந்தப் பெண் இரண்டு நாளைக்கு ஒருமுறை அழைக்கிறார். காக்கா இன்னும் யோசிக்கிறார் என்று இதுவரை நாலு தடவை பொய் சொல்லிவிட்டேன். இனி என்ன சொல்வது என்று நேற்று காக்காவிடமே கேட்டேன்.

"நீதானே போன" என்றார். "நீயே அவக்கிட்ட செல்லு."