இடது பக்கம் ஓடிய திரை

கிலுக்... கிலுக்... கிலுக்.

பித்தளைக் கம்பியில் திரைச்சீலை வளையங்கள் நகரும் சத்தம். அறுபது வருஷம் ஆகியும் காதை விட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் தோல் வியாபாரக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு மாசம். வீட்டில் ஒரு பழைய கறுப்புக் கார். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே பச்சைத் திரை. பெண்கள் திரைக்குப் பின்னால்தான் உட்காரணும். இடது பக்கம் எப்போதும் மாமியாருக்கு. கனத்த உடம்பு அவருக்கு. வலது பக்கம் நான்.

மாசம் ஒருமுறை பழனியில் எங்கம்மா வீட்டுக்குப் போவோம். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வளையங்கள் இடது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். என் முகத்துக்கு நேரே திரை திறந்து கிடக்கும்.

"ஏம்மா, அம்புட்டு வேடிக்கை கேக்குதா ஒனக்கு?"

"நான் தொறக்கல மாமி. அதுவா போகுது."

"ஆமா, திரைக்குக் கால் மொளைச்சிருக்கு."

இழுத்து மூடுவேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் கிலுக்... கிலுக்...

தங்கச்சி நிக்காஹுக்குப் பத்து நாள் இருந்தபோது மாமி ஒரே போடாகப் போட்டார். "அடங்கி உக்காரத் தெரியாதவள கார்ல ஏத்த முடியாது. நாங்க போயிட்டு வாரோம். நீ வீட்ல இரு."

என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கூடப் பிறந்தவள் கல்யாணத்துக்குப் போகக்கூடாதா நான்?

மறுநாள் காலை கார் வாசலில் நின்றது. சமமான சிமெண்டுத் தரை, உள்ளே ஒரு ஆளும் இல்லை. மாமியைக் கூப்பிட்டேன்.

"நீங்களே இழுத்து மூடுங்க மாமி."

முறைத்துக்கொண்டே மூடினார். டிரைவர் சுப்பையா அண்ணனைக் காரைப் பின்னாலிருந்து அமுக்கி ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். கையை எடுத்த பிறகும் கார் நாலு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தது. வளையங்கள் ஒவ்வொன்றாக இடது பக்கம் போய்ச் சேர்ந்தன.

மாமி திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அண்ணன் பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். வலது பக்கம் உள்ளங்கை முழுசாகப் போனது. இடது பக்கம் மூணு விரல்தான். கார் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இடது பக்கம் ஸ்பிரிங் பட்டை ரெண்டு ஒடஞ்சு கெடக்கும்மா. மத்ததும் தொவண்டு போச்சு. பள்ளத்துல எறங்குறப்ப கடக்கு கடக்குன்னுச்சு. அப்பவே பாத்திருக்கணும், என் தப்புத்தான்."

"அது என்னப்பா, இடது பக்கம் மட்டும் ஒடையுது?" என்றார் மாமி.

அண்ணன் மாமியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நம்ம ரோடு அப்பிடிம்மா."

பட்டறையில் புதுப் பட்டை போட்டு வந்தது. நிக்காஹுக்கு நானும்தான் போனேன். மூடிய திரை மூடியபடியே இருந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மாமி தன் கையாலேயே அதை ஒதுக்கினார். "செத்த நேரம் காத்து வரட்டும்" என்றார். பழனி மலை தெரியும்வரை ரெண்டு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனோம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்ட விதம் அது. எனக்கு அதுவே போதும்.

இப்போது பேரன் காரில் ஏதாவது கோளாறு என்றால் சிவப்பு விளக்கு எரிகிறது. திரை கிடையாது, சுற்றிலும் கண்ணாடி. பிள்ளைகள் எல்லாம் போனைக் குனிந்து பார்த்தபடி வருகின்றன. நான் ஒருத்திதான் வெளியே பார்க்கிறேன். நல்லாத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. முதல் ரெண்டு பயணத்தில் திரையை ஒதுக்கியது நான்தான். மூணாவது தடவை நான் கை வைக்கும் முன்னே அது தானாகப் போய்விட்டது.

மாமி இன்று உயிரோடு இருந்தால் சொல்வேனா?

மாட்டேன்.